நேரலை வகுப்பு பாதியை எட்டுமுன் மாணவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்: வழி தேவை

கேள்வி (ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களாக எங்கள் பள்ளியில் பாடங்கள் இணையவழியில் நடைபெறுகின்றன. என் வகுப்பின் 36 மாணவர்களில் 30 பேர் தொடக்கத்தில் இணைந்துவிடுகிறார்கள். ஆனால் இருபது நிமிடம் கடந்ததும் ஒவ்வொருவராக விடுபட்டு, பாடவேளை முடியும்போது பன்னிரண்டு பேர்கூட எஞ்சுவதில்லை. அனைவரும் கேமராவை இயக்கியே வைத்திருக்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. என் பக்கம் இணைப்பு சீராகவே இருக்கிறது. வேறு செயலிக்கு மாறிப் பார்த்தும் பயனில்லை. பிள்ளைகளுக்கு அக்கறை போதவில்லை என்று உடன் பணிபுரிவோர் சொல்கிறார்கள். விடுபடுகிறவர்களில் வழக்கமாக அதிகம் கேள்வி கேட்கும் பிள்ளைகளும் இருப்பதால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கே பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் (பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்)

வணக்கம் அம்மா. உங்கள் பாடவேளை நாளின் எத்தனையாவது என்பதைத்தான் முதலில் அறிய விரும்புகிறேன். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். விநாடிக்கு 600 கிலோபிட் வேகத்தில் வரும் சாதாரணக் காணொளி, ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 270 மெகாபைட் தரவை எடுத்துக்கொள்ளும். மாணவரின் கேமராவும் அதே அளவில் அனுப்பிக்கொண்டிருந்தால் 540 மெகாபைட் ஆகிவிடும். 24 கிலோபிட் வேகத்தில் குரல் மட்டும் சென்றாலோ மணிக்கு 11 மெகாபைட் போதும். அன்றாடத் தரவு வரம்புள்ள கைப்பேசியில் இரண்டு மூன்று பாடவேளைகள் கேமராவுடன் கழிந்தால், அடுத்த வகுப்பின் நடுவில் வரம்பு தீர்ந்துபோவது இயல்பே. முடிந்தால் முதல் பாடவேளை ஆசிரியருடன் இரண்டு நாட்களுக்கு நேரத்தை மாற்றிக்கொண்டு பாருங்கள். விடுபடுதல் உங்களைத் தொடர்ந்து வருகிறதா, அந்த நேரத்திலேயே தங்கிவிடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. எனக்கு நான்காவது பாடவேளை. நீங்கள் சொன்னபடியே கணித ஆசிரியருடன் மாற்றிக்கொண்டேன். காலையில் நடத்திய என் இரண்டு வகுப்புகளிலும் 29 பேர் இறுதிவரை இருந்தார்கள். நான்காவது வேளைக்குச் சென்ற கணித வகுப்புதான் கலைந்துபோனது. தலைமை ஆசிரியரிடம் இதைக் காட்டியதும் மாணவர் கேமரா விதியைத் தளர்த்த ஒப்புக்கொண்டார். ஆயினும் தொடக்கத்திலிருந்தே இணையாத ஆறு பேர் இன்னும் வரவில்லை. அவர்களுடைய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசினேன். வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசி அந்த நேரத்தில் தந்தையோடோ தாயோடோ வேலைக்குச் சென்றுவிடுகிறது.

பதில் (ஒரு தாய்)

எங்கள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசிதான், டீச்சர். நேரலையைத் தவறவிட்ட பிள்ளைக்கு மறுநாள் வகுப்பு தொடர்பின்றிப் போய்விடுகிறது. அதன் பிறகு உட்காரவே தயங்குகிறான். வாரத் தொடக்கத்திலேயே என்ன படிக்க வேண்டும், எதை எழுத வேண்டும் என்று ஒரு பக்கத்தில் கொடுத்துவிட்டால், இரவு கைப்பேசி கைக்கு வரும்போது நாங்கள் பார்த்துக்கொள்வோம். வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அன்றே அனுப்ப வேண்டும் என்ற கெடுவையும் இரண்டு நாட்களாக நீட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் (கணினி ஆய்வகப் பொறுப்பாளர்)

இந்த அம்மா சொல்வதே சரியான வரிசை என்று நான் கருதுகிறேன். பாடம் முழுவதும் பதிவிலும் தாளிலும் இருக்கட்டும். நேரலை, சந்தேகம் கேட்பதற்கான பதினைந்து நிமிடமாகச் சுருங்கட்டும். அப்போது நேரலைக்கு வராத பிள்ளைக்கும் பாடம் கைவிட்டுப் போகாது.

உங்கள் பாடம் அறிவியல் என்பதால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பட்ட பெட் (PhET) திட்டம், திரையிலேயே சோதனைகளைச் செய்து பார்க்கும் செயல்விளக்கங்களைத் தருகிறது. அவற்றில் பல, ஒற்றைக் கோப்பாகத் தரவிறக்கி இணையமின்றியே உலாவியில் இயக்கத் தக்கவை. தமிழாக்கம் பெற்றவையும் அவற்றுள் உண்டு. மின்சுற்றில் கம்பியைத் துண்டித்தால் விளக்கு அணைவதைப் பிள்ளை தானே செய்து பார்க்கலாம். பள்ளியில் ஒரு பழைய கணினி இருந்தால் கோலிப்ரி (Kolibri) என்னும் கட்டற்ற கல்வி மென்பொருளை நிறுவுங்கள். ஒருமுறை பாடங்களை இறக்கி வைத்துவிட்டால், அருகிலுள்ள கைப்பேசிகள் உள்ளக வைஃபை வழியாக இணையமே இல்லாமல் அவற்றைத் திறக்கும். பிள்ளைகள் பாடநூல் வாங்கவோ தாள் ஒப்படைக்கவோ பள்ளிக்கு வரும் நாளில் அது நன்கு பயன்படும்.

ஆசிரியை

வாரத்தாளை இன்றே எழுதத் தொடங்குகிறேன். இன்னொரு கவலை. செவித்திறன் குறைந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். தரவை மிச்சப்படுத்த நேற்று நானும் கேமராவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பாடம் நடத்தினேன். வகுப்பு முடிந்ததும், என் உதடுகளைப் பார்க்க முடியாததால் எதுவும் புரியவில்லை என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது மிகவும் வருந்தினேன்.

பதில் (சிறப்புக் கல்வி ஆசிரியர்)

அம்மா, மாணவர் கேமராக்கள் நிற்கட்டும். உங்கள் கேமரா மட்டும் நிற்கக் கூடாது. நேரலை பதினைந்து நிமிடமாகக் குறைந்தால் உங்கள் காணொளிக்கு ஆகும் தரவு ஏறத்தாழ 70 மெகாபைட்தான். அதையும் தாங்க முடியாத மாணவர்கள், செயலியில் வசதி இருந்தால், தங்கள் பக்கத்தில் வரும் காணொளியை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்கலாம். சன்னலுக்கு முதுகு காட்டி அமராதீர்கள், முகம் இருண்டுவிடும். வெளிச்சம் முன்னாலிருந்து விழ வேண்டும். எழுதும்போது பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிய பின் பேசுங்கள். தானியங்கி வசனவரிகளை மட்டும் நம்ப வேண்டாம், கலைச்சொற்களில் அவை அடிக்கடி தவறுகின்றன. அன்றைய பாடத்தின் புதிய சொற்களை முந்தைய நாளே அவளுக்கு அனுப்பிவிடுங்கள். பதிவுசெய்த பாடங்களுக்கு வசனவரியை நீங்களே திருத்தி இணைப்பது நேரம் பிடிக்கும் வேலைதான் என்றாலும், ஒலியை அணைத்துவிட்டுப் படிக்க வேண்டிய மற்றப் பிள்ளைகளும் அதைப் பயன்படுத்துவதை நான் கண்டிருக்கிறேன்.

முதலில் அவளிடமே கேளுங்கள். உதட்டசைவு, வசனவரி, எழுத்துக் குறிப்பு ஆகியவற்றில் அவளுக்கு எது அதிகம் உதவுகிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.