டொம்கற் 10-க்கு மாற்றிய பிறகு சிஎஸ்வி கோப்பில் தமிழ் எல்லாம் கேள்விக்குறி, உதவி தேவை

வணக்கம் உறவுகளே, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் சனசமூக நிலைய நூலகத்துக்கு ஜாவாவில் செய்த ஒரு இணையச் செயலி டொம்கற் என்ற சேர்வர் மென்பொருளில் ஓடுகிறது. பழைய சேர்வர் உபுண்டு 20.04, டொம்கற் 9. இப்ப உபுண்டு 24.04, டொம்கற் 10.1, ஜாவா 17. போட்டவுடன் 404 (பக்கம் இல்லை) என்ற பிழைதான் வந்தது. டொம்கற் 10-இல், செயலியின் நிரல் பயன்படுத்தும் ஜாவாஈஈ தொகுதிகளின் பெயர்கள் ஜாவாஎக்ஸ் (javax) என்பதிலிருந்து ஜகார்த்தா (jakarta) என்று மாறிவிட்டதால் பழைய செயலி அப்படியே ஓடாது. செய்து தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார், சோர்ஸ் கோட் இல்லை, வார் (WAR) கோப்பு, அதாவது செயலியின் முடிந்த பொதி மட்டும்தான் கையில் இருக்கிறது, அதனால் அதை வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற ஃபோல்டருக்குள் போட்டேன், டொம்கற்றே மாற்றி எடுத்துக்கொண்டது. அது சரி.

இப்ப பிரச்சினை வேறு. திரையில் தமிழ் வடிவாகத் தெரிகிறது, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் ஒரு குறையும் இல்லை, ஆனால் திருப்பித் தராத புத்தகங்களின் பட்டியலை சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கக்கூடிய எழுத்துக் கோப்பாக) எடுத்தால் பெயர்கள் முழுக்க ????. ஜாவா 18-க்கு முந்திய பதிப்புகள் சேர்வரின் லொக்கேலை (மொழி, நாட்டு அமைப்பை) பார்த்துத்தான் எழுத்துக் குறிமுறையை எடுக்கும் என்பதால் அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். ஜாவா ஒப்ஷன்ஸில் ஃபைல் என்கோடிங் யூடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் குறிமுறை) என்று போட்டு டொம்கற்றை மறுபடி தொடக்கியும் மாறவில்லை. டொம்கற்றைத் தொடக்கும் சிஸ்டம்டி சேவைக்குள்ளேயே லொக்கேல் கொடுக்க வேண்டுமா, அல்லது ஜாவா 21-க்குப் போவது நல்லதா? ஏஎல் பிள்ளைகள் புத்தகத்துக்குக் காத்திருக்கிறார்கள், தெரிந்த ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ.