முத்ரா கடன், 68 சதவீதம், கணவர் கையெழுத்து: பழைய மேலாளருக்குப் பதில்

நொய்யல் மகள்:
சிறு தொழிலுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் வங்கிகள் கொடுக்கும் முத்ரா கடனைப் பற்றி, இந்த மன்றத்தின் தொழில்கடன் இழையில், முன்பு வங்கியில் இருந்த 'பழைய மேலாளர்' நேற்று எழுதியது இது: "முத்ரா கணக்குகளில் 68 சதவீதம் பெண்களுடையவை. இதற்குப் பிறகும் வங்கி பெண்களுக்குக் கடன் கொடுப்பதில்லை என்று புலம்புவது பழக்கதோஷம்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் தனி இழை.

திருப்பூரில் சிறிய பவர் டேபிள் யூனிட், அதாவது பனியன் துணி தைக்கும் பட்டறை, நடத்துகிறேன். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் இயந்திரங்கள். தைப்பவர்கள் எல்லோரும் பெண்கள். கூடுதல் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். சிறு தொழில் பதிவுக்கான உதயம் சான்றிதழ், ஜிஎஸ்டி ரிட்டர்ன், இயந்திரக் கொட்டேஷன் எல்லாம் கோப்பில் இருந்தன. அதைத் திறப்பதற்கு முன்பே மேலாளர் கேட்டார்: "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" பிறகு படிவத்தில் ஜாமீன்தாரர் கட்டத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்கே அவர் கையெழுத்து வேண்டும்" என்றார். கொரோனா காலத்தில் என் கணவர் பைக் கடனுக்குத் தவணை தவறியிருந்தார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அவருக்குக் குறைவு என்று சொல்லி என் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். என் மதிப்பெண்ணில் ஒரு கறை கிடையாது. தொழில் என்னுடையது, இயந்திரம் என்னுடையது, தவணை கட்டப்போவதும் நான். இதற்குப் பெயர் பழக்கதோஷமா ஐயா?

பழைய மேலாளர்:
அம்மா, கணவர் கையெழுத்து வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை பிணையம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. ஒரு கிளையில் ஒருவர் தவறாக நடந்தால் வங்கித் துறை முழுவதையும் குற்றம் சொல்வது நியாயமா? எந்த விதி என்று காட்டுங்கள்.

நொய்யல் மகள்:
விதி இல்லை என்றுதான் நானும் சொல்கிறேன். விதியில் இல்லாததை ஏன் கேட்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கணக்குப்பிள்ளை:
ஒரு விளக்கம். பிணையம் என்றால் வீடு, நிலம், நகை போன்ற சொத்து. அதை வாங்கக் கூடாது என்றுதான் உத்தரவு. ஜாமீன்தாரரையோ, கூடச் சேர்ந்து கடன் வாங்கும் இணை விண்ணப்பதாரரையோ கேட்பதைக் கிளைகள் அதில் சேர்ப்பதில்லை. சொத்தைக் கேட்க முடியாத இடத்தில் ஆளைக் கேட்கிறார்கள். நான் கணக்கு எழுதிக்கொடுக்கும் பெண்களில் திருமணமானவர்களிடம் கணவரையும், ஆகாதவர்களிடம் அப்பாவையும் கேட்டிருக்கிறார்கள். அவர்களின் அண்ணன் தம்பிகள் கடன் கேட்டுப் போனால் மனைவி கையெழுத்தை யாரும் கேட்பதில்லை.

பழைய மேலாளர்:
கணக்குப்பிள்ளை, நீங்கள் வாடிக்கையாளர் பக்கம்தான் பேசுவீர்கள். கிளையில் உட்கார்ந்து பாருங்கள். மனைவி பெயரில் உதயம் எடுத்து, மனைவி பெயரில் மானியம் வாங்கி, தொழிலைக் கணவர் நடத்துவது ஊரறிந்த விஷயம். வாராக்கடன் ஆனால் விசாரணைக்குப் பதில் சொல்வது மேலாளர். ஓய்வூதியம் வரைக்கும் பாதிக்கும். அதனால்தான் கணவரையும் சேர்க்கிறார்கள். இருந்தாலும் விதி இல்லை என்பதே என் நிலை.

நொய்யல் மகள்:
ஆக, கேட்கிறார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பழைய மேலாளர்:
சில இடங்களில் கேட்கலாம் என்றேன். விதி என்று சொல்லவில்லை.

வைகைக்கரையான்:
ஆண்களுக்கு மட்டும் வங்கி கூப்பிட்டுக் கொட்டிக் கொடுக்கிறதா? மதுரையில் அப்பளக் கம்பெனி வைத்திருக்கிறேன். எனக்கும் கடன் தரவில்லை. சிறு தொழில் செய்கிற எல்லோருக்கும் இதே கதிதான். இதில் ஆண், பெண் பிரிப்பது தேவையில்லாத வேலை. கணக்குப்பிள்ளை நியாயம் பேசுவதைப் பார்க்கும்போதுதான் ஆச்சரியம். ஜிஎஸ்டி இழையில் நான் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த இழையில் நீங்கள் என்னைத் தரகர் என்று எழுதினீர்கள். மன்னிப்புக் கேட்டால் பதில் எழுதுகிறேன்.

நொய்யல் மகள்:
உங்கள் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வைகைக்கரையான், உங்களுக்குக் கடன் மறுத்தபோது உங்கள் மனைவியின் கையெழுத்து இல்லை என்றா மறுத்தார்கள்? அதைச் சொல்லுங்கள்.

அந்த 68 சதவீதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கணக்குகளின் எண்ணிக்கை. கடன் தொகை அல்ல. 2015இல் முத்ரா தொடங்கியபோது சிசு என்றால் 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை சிசு. 50,000 ரூபாயை வைத்துக்கொண்டு யூனிட் தொடங்க முடியுமா? வாடகை முன்பணத்துக்கும் மின் இணைப்புக்குமே காணாது. சிசு கணக்கில் பெண்களை வரிசையாக நிற்கவைத்துத் தலையை எண்ணிவிட்டு, தருண் என்று வந்ததும் வீட்டுக்காரரைக் கூட்டிவா என்கிறார்கள்.

2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியாவில் ஒவ்வொரு கிளையும் ஒரு பெண்ணுக்காவது 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கொடுக்க வேண்டும் என்றார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் 2025 மார்ச் வரை இருந்த அது, புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடத்திக்கொண்டு, வளர்ந்தால் இன்னும் சிலருக்கு வேலை கொடுக்கலாம் என்று நின்றவளுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

தறிக்காரர்:
சகோதரி சொல்வது சரி. பெண்களுக்கென்றே 2013இல் பாரதிய மகிளா வங்கி தொடங்கினார்கள். 2017இல் ஸ்டேட் வங்கியோடு இணைத்துவிட்டார்கள். அந்த அக்கறை நாலு வருடம்கூடத் தாங்கவில்லை.

பழைய மேலாளர்:
இணைத்ததால் பெண்களுக்குப் பெரிய வங்கியின் சேவை கிடைத்தது. இதைக்கூடக் குறையாகச் சொன்னால் என்ன செய்வது? சுய உதவிக் குழுக்களை மறந்துவிட்டீர்களா? 1989இல் தர்மபுரியில் தொடங்கி இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. குழுவில் கணவர் கையெழுத்து யார் கேட்டார்கள்?

நொய்யல் மகள்:
குழுவை நான் குறை சொல்லவே மாட்டேன். என் அம்மா முதன்முதலில் வங்கிப் படியேறியதே குழுவால்தான். ஆனால் குழுக்கடன் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் கடன். ஆடு வாங்கலாம், தையல் மெஷின் வாங்கலாம். என் தேவை அதில் அடங்காது. வங்கியும் இல்லை, குழுவும் போதாது என்றால் அடுத்தது மைக்ரோ ஃபைனான்ஸ். வாரா வாரம் வசூலுக்கு வாசலில் வந்து உட்காருவார்கள். அவர்கள் கணவர் கையெழுத்துக்காக நிற்பதில்லை. ஆனால் கூட்டுப் பொறுப்பு என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண் பணம் கட்டவில்லையென்றால் நம்மை எழுந்து போகவிடுவதில்லை.

சொத்து ஏன் பெண் பெயரில் இல்லை என்றும் யோசியுங்கள். 1989இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை என்றது. 2005இல் மத்தியச் சட்டம் வந்தது. வந்து என்ன? அண்ணன் மனம் கோணக் கூடாது என்று பதிவு அலுவலகத்தில் தன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்த அக்கா தங்கைகள் எத்தனை பேர்! நானும் கொடுத்தவள். அன்று கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள், இன்று என் கையெழுத்துப் போதாது என்கிறார்கள்.

வைகைக்கரையான்:
நீங்களாக எழுதிக்கொடுத்ததற்கு வங்கி என்ன செய்யும்?

தறிக்காரர்:
இந்தப் பேச்சு உங்கள் வீட்டுப் பெண்களிடம் எடுபடுகிறதா? 2013-14 பொருளாதாரக் கணக்கெடுப்பில் பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் மிக அதிகம் இருந்த மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு எங்கள் கொங்குப் பகுதியாகத்தான் இருக்கும்.

வைகைக்கரையான்:
உடனே கொங்குப் பெருமையா? அப்பளம், ஊறுகாய், பூக்கட்டுதல் எல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள் செய்வதுதான். மாவட்ட வாரியாகக் கணக்கைக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

பழைய மேலாளர்:
இழை எங்கேயோ போகிறது. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எந்த விதி?

நொய்யல் மகள்:
விதி இல்லை, விதி இல்லை, விதி இல்லை. இப்போது திருப்தியா? விதி இல்லாததால்தான் நான் யாரிடமும் முறையிட முடியவில்லை. மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் வழக்கமில்லை அம்மா" என்றார்கள். எழுத்தில் கொடுத்திருந்தால் உங்களிடம் காட்டியிருப்பேன்.

பழைய மேலாளர்:
நான் பணியில் இருந்தபோது என் கிளையில் எந்தப் பெண்ணையும் அப்படித் திருப்பி அனுப்பியதில்லை.

கணக்குப்பிள்ளை:
இணை விண்ணப்பதாரர் இல்லாமல் 5 லட்சத்துக்கு மேல் எத்தனை பெண்களுக்குக் கொடுத்தீர்கள் ஐயா?

பழைய மேலாளர்:
வாடிக்கையாளர் விவரத்தைப் பொதுவெளியில் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
பெயரா கேட்டேன்? எண்ணிக்கைதானே கேட்டேன்.

நொய்யல் மகள்:
அந்த எண்ணிக்கைக்காக நானும் காத்திருக்கிறேன். இன்று சனிக்கிழமை, வாரச் சம்பளம் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜாப் ஒர்க் பில், அதாவது கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்த கூலி, 45 நாளில் வர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனக்கு வர வேண்டிய பில் மூன்று மாதமாக நிற்கிறது. இந்தச் சம்பளம் நகையை அடகு வைத்து வந்த பணம். அந்தக் கடைக்காரர் மட்டும்தான் என் ஒரு கையெழுத்தோடு விட்டார்.

வைகைக்கரையான்:
நகைக்கடன் வட்டியைப் பற்றித் தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம். கணக்குப்பிள்ளை, மன்னிப்பெல்லாம் கிடையாது. ஜிஎஸ்டி கேள்வி அப்படியே நிற்கிறது.