மூன்றே பொருள்களில் சாக்லேட் மூஸ்: பதம் எங்கே தப்புகிறது?

உறையூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குப் பத்து வயது நிறைகிறது. கேக் வேண்டாம், சென்ற விடுமுறையில் புதுச்சேரியில் சாப்பிட்ட, நுரைபோல மெத்தென்றிருக்கும் சாக்லேட் மூஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நான்கைந்து காணொளிகளைப் பார்த்துவிட்டு இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டு முறையும் கெட்டுப்போனது.

முதல் முறை, கொதிக்கும் தண்ணீரின் மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, விரைவில் உருகட்டும் என்று ஒரு தட்டைப் போட்டு மூடினேன். திறந்து கிளறியபோது சாக்லேட் பளபளப்பை இழந்து, கேழ்வரகுக் களியைப்போல ஒரே கட்டியாகச் சுருண்டுகொண்டது. இரண்டாம் முறை மூடாமல் உருக்கியதால் சாக்லேட் நன்றாகவே உருகியது. ஆனால் அட்டைப் பெட்டியில் வரும் கிரீமைக் கை பீட்டரால் இருபது நிமிடம் அடித்தும் அது நுரைத்து எழவில்லை. மோர்க்குழம்பின் பதத்திலேயே நின்றுவிட்டது. சரி, வீணாக வேண்டாம் என்று அதையே சாக்லேட்டில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் அது இறுகியிருந்தது. ஆனால் வாயில் போட்டால் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொண்டது.

நான் வாங்கியது பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைத்த, 'டார்க்' என்று எழுதப்பட்ட அரைக் கிலோக் கட்டி. பிழை சாக்லேட்டிலா, கிரீமிலா, என் கையிலா? ஜெலட்டின் சேர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. மாமியார் முட்டை சாப்பிடமாட்டார் என்றாலும், மற்றவர்களுக்கு முட்டை சேர்த்துத் தனியாகச் செய்வதில் தடையில்லை. மூன்று பொருள்களுக்கு மேல் போகாத ஒரு முறையை யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தென்னந்தோப்பு:

பிழை உங்கள் கையில் இல்லை, சகோதரி. நாங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ வைத்திருப்பவர்கள். ஆகையால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நீங்கள் வாங்கிய கட்டியின் உறையைத் திருப்பிப் பாருங்கள். எங்காவது ஒரு மூலையில் 'காம்பவுண்ட்' என்ற சொல்லோ, பொருள் பட்டியலில் ஹைட்ரஜனேற்றம் செய்த தாவரக் கொழுப்போ இருக்கும். அது கொக்கோ விதையின் இயற்கைக் கொழுப்பான கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்பைப் போட்டுச் செய்த பண்டம். கேக்கின் மேல் ஊற்றுவதற்கும் அச்சில் வார்ப்பதற்கும் அது வசதியானதுதான். ஆனால் கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில், அதாவது நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே, முழுவதும் உருகிவிடுவதால்தான் நல்ல சாக்லேட் நாவில் பட்டதும் கரைகிறது. தாவரக் கொழுப்புகளில் பல அவ்வாறு சட்டென்று உருகுவதில்லை. மேலண்ணத்தில் ஒட்டிய மெழுகு அதுதான்.

மூஸுக்கு வாங்கும்போது பட்டியலில் கொக்கோ, சர்க்கரை, கொக்கோ வெண்ணெய், அதிகம் போனால் லெசித்தின் (கலவை பிரியாமலிருக்கச் சேர்ப்பது), வனிலா ஆகியவை மட்டும் இருக்கவேண்டும். கொக்கோவின் அளவு 55 முதல் 70 சதவீதம்வரை இருந்தால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். விலை கூடுதல்தான்; ஆனால் மூன்றே பொருள்கள் என்று வரும்போது, மட்டமான ஒன்றை மறைத்துவைக்க வேறு இடம் இல்லை.

கிரீமின் கதை இன்னும் எளிது. பெட்டியில் கொழுப்பு 25 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். நுரை நிற்க வேண்டுமானால் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 35 இருந்தால் நிம்மதி. இருபது நிமிடமல்ல, இரண்டு மணி நேரம் அடித்திருந்தாலும் அது எழுந்திருக்காது.

பரிஸ் குசினி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். பரிஸில் ஓர் உணவகத்தின் குசினியில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். இங்கே வீடுகளில் செய்யப்படும் மூஸில் பெரும்பாலும் கிரீம் இருப்பதேயில்லை என்பதைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 200 கிராம் சொக்லேட், 6 முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். நான்கு பேருக்கு இதில் பாதி போதும்.

சொக்லேட்டைச் சிறு துண்டுகளாக்கி, மெல்லக் கொதிக்கும் தண்ணீரின் மேல், கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடாதபடி வைத்து உருக்குங்கள். உருகியபின் இறக்கி, விரலை வைத்தால் இளஞ்சூடாகத் தோன்றும்வரை ஆறவிடுங்கள். வெள்ளைக்கருவை உப்புடன் அடியுங்கள். அந்தப் பாத்திரத்தில் எண்ணெய்ப் பசையோ மஞ்சட்கருவின் ஒரு துளியோ இருந்தால் நுரை குறைந்துபோகும். ஆகவே முதலில் பாத்திரத்தைத் தேசிக்காய் (எலுமிச்சை) துண்டால் துடைத்துக்கொள்வது என் வழக்கம். முட்டை குளிராக இருக்கும்போது கருக்களைப் பிரிப்பது சுலபம். சற்றுக் குளிர் தணிந்தபின் அடித்தால் நுரை நன்றாக எழும். கம்பியைத் தூக்கினால் நுரை கூராக நின்று, நுனி மட்டும் லேசாக வளையவேண்டும். அதற்குமேல் அடித்தால் நுரை பஞ்சைப்போல் உதிர்ந்து, கலக்கும்போது வெள்ளைத் திட்டுகளாக நிற்கும்.

மஞ்சட்கருக்களைச் சொக்லேட்டில் கலக்கியபின், வெள்ளை நுரையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தயங்காமல் நன்றாகக் கலந்துவிடுங்கள். அந்தப் பங்கு சொக்லேட்டை இளக்குவதற்கானது. அதில் காற்று போனால் போகட்டும். மீதி இரண்டு பங்கையும் அகப்பையால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டி, பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே சேர்க்கவேண்டும். புதிதாகச் சேரும் பொடியன்கள் எங்கள் குசினியில் தவறுவது இந்த இடத்தில்தான்: வெள்ளைக் கோடு ஒன்று தெரிகிறதே என்று இன்னும் பத்துச் சுற்றுச் சுற்றுவார்கள், கிண்ணத்தில் மூஸ் இருக்காது, பாயாசம் இருக்கும். பிறகு குறைந்தது 4 மணி நேரம் குளிரில் வையுங்கள்.

உறையூர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. உறையைத் திருப்பிப் பார்த்தேன். தோப்புக்காரர் சொன்னபடியே 'காம்பவுண்ட்' என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது. அண்ணா, உங்கள் முறை தெளிவாக இருக்கிறது. ஆனால் இதில் முட்டை பச்சையாகவே இருக்கிறதே? விருந்துக்கு வருகிறவர்களில் சிறு குழந்தைகளும், கருவுற்றிருக்கும் என் நாத்தனாரும் உண்டு. எங்கள் தெருக்கடை முட்டையை நம்பிப் பச்சையாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பரிஸ் குசினி:

நியாயமான அச்சம்தான், தங்கச்சி. சால்மொனெல்லா கிருமி முட்டையில் இருக்கக்கூடும். குளிர்சாதனப்பெட்டி அதைக் கொல்லாது. வெள்ளைக்கருவைச் சீனியுடன் கொதிநீரின் மேல் வைத்து, விடாமல் அடித்துக்கொண்டே 71 டிகிரி வரை சூடாக்கி, பிறகு இறக்கி நுரைக்க வைக்கும் முறை உண்டு. ஆனால் வெப்பமானி இல்லாமல் அதைச் செய்யும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மஞ்சட்கருவுக்கும் தனியாக இதே வேலை இருக்கிறது. உங்கள் விருந்துக்கு முட்டையை விட்டுவிடுவதே நல்லது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

நான் திருநெல்வேலியில் முப்பதாண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்தவள். முட்டையும் வேண்டாம், கிரீமும் வேண்டாம் என்றால், சாக்லேட்டும் தண்ணீரும் மட்டும் போதும் என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள். எர்வே திஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1995-இல் வெளிப்படுத்திய முறை இது.

உறையூர் அம்மா முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. அதையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். தட்டால் மூடியதில் ஆவி நீராகி, சாக்லேட்டில் சில துளிகள் விழுந்திருக்கின்றன. பொடித்த சர்க்கரையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கட்டி தட்டுகிறது. ஒரு குவளை ஊற்றினால் கரைந்து ஓடிவிடுகிறது. சாக்லேட்டிலும் கொழுப்புக்கு நடுவே சர்க்கரைத் துகள்கள் மிதப்பதால் அதே கதைதான். 60 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டிக்குக் குறையாமல் சூடான தண்ணீரைச் சேர்த்துக் கலக்கியிருந்தால், அந்தக் களி மீண்டும் குழம்பாகியிருக்கும். தண்ணீர் சாக்லேட்டுக்குப் பகை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அரைகுறையான தண்ணீர்தான் பகை.

போதிய தண்ணீர் இருந்தால், கொக்கோ வெண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து தண்ணீருக்குள் பரவி நிற்கும். பாலேடு என்பதும் தண்ணீரில் பரவிய கொழுப்புத்தானே? எனவே அதைக் குளிர வைத்துக்கொண்டே அடித்தால், கிரீமைப் போலவே காற்றைப் பிடித்துக்கொண்டு நுரைக்கிறது. எவ்வளவு தண்ணீர் என்பதற்கு உறையிலேயே விடை இருக்கிறது. 100 கிராமில் மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்று ஊட்டச்சத்துப் பட்டியலில் பார்த்து, ஏறத்தாழ அதைப்போல இருமடங்கு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு 40 கிராம் என்றால் தண்ணீர் 80 மில்லி. 32 கிராம் என்றால் 65 மில்லி. 200 கிராம் சாக்லேட் என்றால் இதை இரட்டித்துக்கொள்ளலாம்.

இரண்டையும் ஒன்றாகவே மிதமான சூட்டில் உருக்கி, வழவழப்பான குழம்பாக்குங்கள். பெரிய பாத்திரமொன்றில் பனிக்கட்டியும் சிறிது தண்ணீரும் ஒரு கைப்பிடிக் கல்லுப்பும் போட்டு, அதன் நடுவே குழம்புக் கிண்ணத்தை அமர்த்தி, கம்பி விஸ்க்கால் கையால் அடியுங்கள். நம் ஊர் வெயிலுக்கு உப்பு அவசியம். உப்புச் சேர்ந்தால் பனிநீரின் வெப்பநிலை இன்னும் இறங்கும். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். பிறகு திடீரென்று நிறம் வெளுத்து, விஸ்க்கின் தடம் அழியாமல் நிற்கத் தொடங்கும். அந்த நொடியிலேயே கிண்ணத்தைப் பனியிலிருந்து தூக்கிவிடவேண்டும். மோர் கடைபவர்களுக்கு வெண்ணெய் திரளும் நேரம் கைக்குத் தெரியும் அல்லவா, அதே கவனம் இதற்கும் வேண்டும். தாமதித்தால் மணல்மணலாகிவிடும். அப்படி ஆனாலும் அழவேண்டாம்: மீண்டும் உருக்கி, மீண்டும் அடிக்கலாம். முட்டை மூஸிலும் கிரீம் மூஸிலும் கிடைக்காத மன்னிப்பு இது.

அடையாறு அடுப்பு:

ஆசிரியை அம்மாவின் முறையை நானும் செய்திருக்கிறேன். சாக்லேட்டின் சுவை அதில் மிகத் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பால்சுவைக்குப் பழகிய குழந்தைகள் 'கசக்கிறது' என்று முகம் சுளிப்பதையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் மீதமிருக்கும் அந்த 25 சதவீதக் கிரீமை வீணாக்காமல் ஒரு வழி இருக்கிறது. 200 மில்லி கிரீமைக் கொதி வருமுன் இறக்கி, 100 கிராம் நல்ல சாக்லேட்டின் மேல் ஊற்றி, கரைத்து, மூடி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் அடித்துப் பாருங்கள். தனியாக நுரைக்காத கிரீம், சாக்லேட்டின் கொழுப்பும் சேர்ந்ததும் நுரைக்கும். ஒரு நிமிடம் போதும். பீட்டரை ஓடவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தால் திரிந்துபோகும்.

உறையூர்வாசி:

ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. குழந்தைகளுக்கு அடையாறு முறை, பெரியவர்களுக்குத் தண்ணீர் முறை என்று இரண்டையும் செய்தேன். நான் வாங்கிய சாக்லேட்டில் கொழுப்பு 38 கிராம் என்று இருந்தது. 200 கிராமுக்கு 150 மில்லி கணக்காயிற்று. அதில் 40 மில்லியை மட்டும் தண்ணீருக்குப் பதிலாக முதல் டிகாக்‌ஷனாக ஊற்றினேன், அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

முதல் தடவை, அழைப்பு மணி ஒலித்ததால் கதவைத் திறக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கிண்ணம் பனியிலேயே இருந்து, ஓரமெல்லாம் இறுகி, அடித்தபோது திப்பிதிப்பியாகிவிட்டது. அடுப்பில் வைத்தேன், இரண்டே நிமிடத்தில் பழைய குழம்பாயிற்று. இரண்டாம் தடவை என் மகளைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அடித்தேன். நிறம் மாறுவதை அவள்தான் முதலில் பார்த்து, 'அம்மா, போதும்!' என்று கத்தினாள். ஆறு சிறு கிண்ணங்கள் நிறைந்தன. மாமியார் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "காப்பி போட்டிருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார், பிறகு கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

ஒரு சந்தேகம். மீந்த இரண்டு கிண்ணங்கள் மறுநாள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது கரண்டி இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருந்தன. கெட்டுவிட்டதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:

கெடவில்லை. குளிரில் கொக்கோ வெண்ணெய் மேலும் உறைந்திருக்கிறது. கால் மணி நேரம் வெளியே வைத்துச் சாப்பிடுங்கள். திருச்சி வெயிலில் பத்து நிமிடமே போதும். டிகாக்‌ஷனுக்குக் கோபமில்லை, அடுத்த முறை நானும் அப்படித்தான் செய்யப்போகிறேன்.