புளூஸ் பிரேக்கர்ஸ் ஆல்பம் (1966): அந்தக் கிதார் ஒலியில் புதிதாக இருந்தது என்ன?

கேள்வி:
ஜான் மேயாலின் புளூஸ் பிரேக்கர்ஸ் குழு கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனுடன் 1966-இல் வெளியிட்ட ஆல்பத்தைச் சில வாரங்களாகக் கேட்டு வருகிறேன். அட்டைப்படத்தில் கிளாப்டன் 'பீனோ' என்ற சிறுவர் சித்திரக்கதை இதழைப் படித்துக்கொண்டிருப்பதால், பீனோ ஆல்பம் என்றே பலரும் இதைச் சொல்கிறார்கள். ராக் கிதாரின் ஒலியை மாற்றிய ஆல்பம் என்று இதைப் புகழ்கிறார்கள். ஆனால் இதிலுள்ள 12 பாடல்களில் 7 பாடல்கள் அமெரிக்கக் கலைஞர்கள் ஏற்கெனவே பதிவு செய்தவை. அப்படியானால் புதுமை வாசிப்பில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா, ஒலிப்பதிவில் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மூன்றுக்கும் பங்கு உண்டு என்றாலும், முதலிடத்தை நான் ஒலிப்பதிவுக்கே கொடுப்பேன். அமெரிக்க புளூஸ் கிதார் கலைஞர் ஃபிரெடி கிங் தம் ஆல்பத்தின் அட்டையில் லெஸ் பால் கிதாரை ஏந்தி நிற்பதைப் பார்த்துத்தான் கிளாப்டன் அந்த வகைக் கிதாரை வாங்கினார். கிப்சன் நிறுவனம் அந்த வடிவத்தைத் தயாரிப்பதையே அப்போது நிறுத்தியிருந்தது. அதன் ஹம்பக்கர் பிக்கப்புகள் (கம்பிகளின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் இரட்டைச் சுருள் உறுப்புகள்) தரும் வலுவான சமிக்ஞையை 2 ஸ்பீக்கர்கள் கொண்ட மார்ஷல் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றினால், வால்வுகள் தம் எல்லையைத் தொட்டுச் சுரத்தின் முனையை மழுக்கி, அது சட்டென்று அடங்கிவிடாமல் நெடுநேரம் நீடிக்கச் செய்கின்றன. மேடையில் இப்படி வாசித்தவர்கள் இருந்திருக்கலாம்; ஆனால் ஸ்டுடியோவில் ஒலியைக் குறைத்து வாசிப்பதே அன்றைய வழக்கம். லண்டனில் டெக்கா ஸ்டுடியோவில் கிளாப்டன் அதற்கு இணங்கவில்லை. தயாரிப்பாளர் மைக் வெர்னானும் ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜனும் அந்தப் பேரொலியை அப்படியே பதிவு செய்ய வழி தேட வேண்டியிருந்தது. அவர்கள் காட்டிய பொறுமைக்கு உரிய பாராட்டு இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மறுமொழி 2:
மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன்; ஆயினும் வாசிப்பை இரண்டாம் இடத்துக்குத் தள்ள என் மனம் ஒப்பவில்லை. 'ஆல் யுவர் லவ்' பாடலை அமெரிக்க புளூஸ் கலைஞர் ஓட்டிஸ் ரஷ் 1958-இல் சிகாகோவின் கோப்ரா நிறுவனத்துக்குப் பதிவு செய்தார். நிதானமாகத் தொடங்கி நடுவில் தாளம் திடீரென்று துள்ளி ஓடும் அமைப்பு அவருடையதே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்: அமைப்பு மாறவில்லை, ஆனால் கிளாப்டனின் கையில் ஒவ்வொரு சுரமும் தடித்து, குரல் போல இழைந்து வருகிறது.

இதைக் கிளாப்டனின் ஆல்பம் என்று மட்டும் பார்ப்பது மேயாலுக்குச் செய்யும் அநீதி என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பாடல்களைப் பாடியதும், பியானோ, ஆர்கன், ஹார்மோனிகா வாசித்ததும் அவரே. 'அனதர் மேன்' பாடலில் கிதாரே கிடையாது. அவருடைய குரலும் ஹார்மோனிகாவும் கைத்தட்டலுமே அதைத் தாங்கி நிற்கின்றன. ஜான் மெக்வியின் பேஸ் கிதாரும் ஹியூயி ஃபிளின்ட்டின் டிரம்ஸும் அசையாமல் நின்றதால்தான் கிளாப்டனால் அவ்வளவு தூரம் துணிய முடிந்தது. ('வாட் ஐ சே' பாடலில் வரும் நீண்ட டிரம் தனியாவர்த்தனத்தை மட்டும் சுருக்கியிருக்கலாம்.) அந்த ஆண்டிலேயே கிளாப்டன் விலகி 'கிரீம்' குழுவைத் தொடங்கினார், அந்த இடத்துக்குப் பீட்டர் கிரீனையும், அவருக்குப் பின் மிக் டெய்லரையும் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் மேயால்தான்.

மறுமொழி 3:
கேள்வி கேட்டவருக்கு ஒரு பரிந்துரை. இந்த ஆல்பம் 1966-இல் மோனோவில்தான் (எல்லா ஒலியும் ஒரே தடமாக வரும் வடிவம்) வெளிவந்தது; ஆகவே முதலில் அந்த வடிவத்தையே கேளுங்கள். அதில் கிதாரும் மற்றக் கருவிகளும் ஒரே திரளாக வந்து மோதுவதால், மறுமொழி 1-இல் சொல்லப்பட்ட அழுத்தம் நன்றாகப் புலப்படும். 'ஹேவ் யூ ஹெர்ட்' பாடலிலிருந்து தொடங்குவது நல்லது. சாக்ஸஃபோனில் தொடங்கும் மெதுவான புளூஸ் (கறுப்பின அமெரிக்கரின் இசைவகை) பாடல் அது. பாடலின் நடுவே கிளாப்டனின் தனி வாசிப்பு வரும்போது, உங்கள் கேள்வியின் மூன்று பகுதிகளுக்கும் அங்கேயே விடை கிடைக்கும்.