மாத்திரை இல்லாத அந்தக் காலை: டிபிஎஸ் டெஸ்டுக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள்

நங்கநல்லூர் மகள்:
அப்பாவுக்கு 64 வயது, பார்கின்சன் வந்து ஒன்பது வருஷம். டிபிஎஸ், அதாவது மூளைக்குள் கம்பி வைத்துப் பேட்டரியால் லேசாக மின்சாரம் கொடுக்கும் ஆப்பரேஷன், செய்யலாமா என்று பார்க்கப் போன மாதம் இரண்டு நாள் அட்மிட் செய்தார்கள். எம்ஆர்ஐ, ரத்தம், அதெல்லாம் விடுங்கள். முதல் நாள் ராத்திரி எட்டரைக்குக் கடைசி சின்டோபா (அவருடைய பார்கின்சன் மாத்திரை), அப்புறம் காலை டெஸ்ட் வரைக்கும் ஒன்றும் கிடையாது. வீட்டில் ஒரு வேளை அரை மணி தள்ளிப்போனாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், இது முழுசாகப் பன்னிரண்டு மணி நேரம். புரண்டு படுக்கக்கூட முடியாமல் விடிய விடியக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாலு மணிக்கு மறுபடி கூப்பிட்டபோது "சும்மா படுங்கப்பா" என்று எரிந்து விழுந்துவிட்டேன். காலையில் டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார், மூன்றாவது தட்டிலேயே விரல் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து 31 வருஷம் அதிலேயே சம்பாதித்த விரல். பிறகு வழக்கமான காலை டோஸைவிட ஒன்றரை மடங்கு மாத்திரை கொடுத்தார்கள். ஐம்பது நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கட்டில் விளிம்பில் ஏஎஸ்டிஎஃப் அடித்துக்கொண்டிருக்கிறார், யாரும் சொல்லாமலே. உடம்பு இயக்கத்துக்குப் போடும் மார்க் 52லிருந்து 21க்கு இறங்கியது (இதில் குறைந்தால்தான் நல்லது), தகுதி உண்டு என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த நாலு மணியை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பெரம்பூர்க்காரன்:
உங்கள் அப்பா பாஸ். என்னைக் கழித்துவிட்டார்கள். நான் ஐசிஎஃப் ரிட்டயர்டு. பின்னால் நின்று தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்களே, அதில் நேராக டாக்டர் மேலேயே சாய்ந்துவிட்டேன், மாத்திரை போட்ட பிறகும் அதே கதை. வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்வதும் குறையவில்லை. அதைக்கூட ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிமிஷத்தில் 'க'வில் ஆரம்பிக்கும் வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார் ஒரு சின்னப் பெண், வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே. ஏழுதான் வந்தது. ஏழாவது 'கக்கூஸ்', அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியது. வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் கொட்டுகிறது: கடப்பாரை, கருவாடு, கண்டக்டர், கத்தரிக்காய், கல்யாணம். பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். ஒரு நிமிஷத்தில் ஒரு மனுஷனின் மூளையை அளந்துவிட முடியுமா?

பெயர் வேண்டாம்:
என் வீட்டுக்காரருக்கு ஆப்பரேஷன் தேதியே கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். மனநல டாக்டர் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார், "சார் கண்டபடி செலவு செய்கிறாரா, ஆன்லைன் ரம்மி மாதிரி ஏதாவது?" பிரமிபெக்ஸால் என்ற பார்கின்சன் மாத்திரையின் டோஸ் ஏற்றிய பிறகு ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரியும். ஏலச்சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் அப்படித்தான் போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், வலது கை மட்டும் தடதடவென்று ஆடியது. "அதெல்லாம் ஒன்றுமில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கம்பிக்காரன்:
எனக்கு ஆப்பரேஷன் ஆகி நாலு வருஷம். டெஸ்டில் ஞாபகம் இருப்பது கடிகாரம் வரைந்ததுதான், பதினொன்று பத்து, முள்ளைச் சரியாகப் போட்டுவிட்டு எண்களையெல்லாம் வட்டத்துக்கு வெளியே எழுதினேன். சரி, அது போகட்டும்.

பெரம்பூர் சார், கழித்துவிட்டார்கள் என்று சொல்லாதீர்கள், காப்பாற்றிவிட்டார்கள். மாத்திரை எதைச் சரிசெய்கிறதோ பெரும்பாலும் அதைத்தான் கம்பியும் சரிசெய்யும், நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. 1987ல் பிரான்சில் பெனாபிட் என்ற டாக்டர் ஆரம்பித்ததே நடுக்கத்துக்குத்தான். மாத்திரையில் குறைந்தது முப்பது சதவீதமாவது முன்னேற்றம் வேண்டும் என்று பார்ப்பது அதனால்தான். மாத்திரைக்கு அடங்காத தள்ளாட்டம் தலையில் துளை போட்டாலும் போகாது. 'க'வையும் சும்மா கேட்கவில்லை, சிலருக்கு ஆப்பரேஷனுக்குப் பிறகு வார்த்தை தேடுவது இன்னும் கொஞ்சம் மந்தமாகிறது. முதலிலேயே ஏழு என்றால் யோசிக்கத்தானே செய்வார்கள்?

பெயர் வேண்டாம் அம்மா, உடனே சொல்லிவிடுங்கள், தனியாகப் போய்ச் சொல்லுங்கள். ரம்மி அவர் குணம் இல்லை, அந்த மாத்திரை சிலரை அப்படிப் படுத்தும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லை. ஆப்பரேஷன் ஆன பிறகு மாத்திரையைக் குறைக்கும்போது சிலருக்கு மனசு அப்படியே சோர்ந்துபோகும், அதற்கும் அவர்கள் தயாராக இருக்க வேண்டும். அப்புறம் பேட்டரி, சார்ஜ் போடுகிற வகையா, மூன்று முதல் ஐந்து வருஷத்தில் மாற்றுகிற வகையா என்று கேளுங்கள், இன்ஷூரன்ஸில் எது வரும் என்று எழுதி வாங்குங்கள், வீட்டில் மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் எடுத்த வீடியோ இருந்தால் கொண்டுபோங்கள், மதியச் சாப்பாட்டில் பருப்பும் மாத்திரையும் ஒன்றாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம்:
பேட்டரியைப் பற்றி நான் கேட்கவே இல்லை சார். நாளைக்கு டாக்டருக்குப் போன் செய்கிறேன். அவர் குளிக்கப் போகும்போது.

பெரம்பூர்க்காரன்:
காப்பாற்றினார்களாம். சரி, இருக்கட்டும். இன்று காலை பல் தேய்க்கும்போது 'கமர்கட்' ஞாபகம் வந்தது. அதோடு இருபத்துமூன்று.