ஈசுவரன் கோயில் வீதி வீடு: மட்டப்பா தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறாரா?

திண்ணைக்காரி:

புதுச்சேரியில் ஈசுவரன் கோயில் வீதிப் பக்கம் எங்கள் வீடு. எந்த வருஷம் கட்டியது என்று பத்திரத்தில் இல்லை. தாத்தாவின் அப்பா வாங்கும்போதே பழைய வீடுதானாம். தெருவோரம் தாழ்வாரம், அப்புறம் திண்ணை, உள்ளே முற்றம். மாடி ஏறினால் வேறு ஊர்: வளைவு வைத்த ஜன்னல், பலகை அடுக்கிய கதவு, உயரத்தில் மட்டப்பா, அதாவது உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையும் இப்படித்தானே, கீழே நம்மூர், மேலே பிரெஞ்சு. "கீழே வேட்டி, மேலே கோட்டு" என்பார் அப்பா.

போன மழையில் மாடி அறையில் ஒரு தேக்கு உத்தரம் லேசாக இறங்கியது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். நடுவில் தட்டினால் கணீர் என்கிறது. சுவருக்குள் போகும் முனையில் பேனாக் கத்தி மூன்று விரல் ஆழம் இறங்குகிறது, வெல்லத்தில் இறங்குகிற மாதிரி.

இரண்டு இன்ஜினியர்கள் வந்தார்கள். இரண்டு பேருமே "இடித்துவிட்டு காங்கிரீட் போடுங்கள்" என்றார்கள். இரண்டாமவர் மாடிக்கே வரவில்லை. வீட்டுக்கு ஐந்து பங்கு. பாரீசில் இருக்கும் பெரியப்பா மகன் "விற்றுவிடலாம் தங்கச்சி, எதுக்குத் தலைவலி" என்கிறார். அவர் அங்கே குடியிருக்கும் கட்டடத்துக்கு 140 வயசாம். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்.

எதிர்வீடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனது. ஜேசிபி வந்து மூன்றே நாள். கஜலட்சுமி செதுக்கிய நிலைக்கதவு லாரியில் ஏறியதை எங்கள் திண்ணையிலிருந்து பார்த்தேன். இப்போது அங்கே கண்ணாடி முகப்போடு ஒரு விடுதி. வரவேற்பறையில் அலங்காரத்துக்கு ஒரு மரத்தூண் நிற்கிறது, அது யார் வீட்டுத் தூணோ.

கடற்கரையில் மேரி கட்டடம், அதான் பிரெஞ்சுக் காலத்து நகரசபைக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? என் பிறப்பை அப்பா அங்கே போய்த்தான் பதிந்தார். மழை தள்ளிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பழுது பார்க்கணும், பழுது பார்க்கணும் என்று வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டே இருந்தார்கள், அது பேச்சு முடிகிற வரை காத்திருக்கவில்லை. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் உள்ளே போக மனசு வரவில்லை.

சரி, புலம்பல் போதும். ஒரு உத்தரத்தை மட்டும் மாற்ற முடியுமா? மட்டப்பா வேலை தெரிந்தவர்கள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா?

கொத்தனார் மகன்:

முடியும் அக்கா. ஒரு பல் போனால் தாடையையே எடுப்பார்களா?

மட்டப்பா எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். வரிசையாகத் தேக்கு உத்தரம். அதன் மேல் அச்சுக்கல், அதாவது சின்ன மெல்லிய செங்கல், செங்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கியது. ஒட்டுவதற்குச் சுண்ணாம்புச் சாந்து. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். என் அம்மா தட்டியிருக்கிறாள். அந்தக் கைக்குக் காய்ப்பு கடைசி வரை போகவில்லை.

கீழிருந்து முட்டுக் கொடுத்து, இற்றுப்போன முனையை மட்டும் வெட்டி எடுத்து, புதுத் தேக்கை ஒட்டுப்போட்டு இரும்புப் பட்டையால் இறுக்கலாம். முனை சுவருக்குள் மூச்சு விடக் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மொட்டைமாடியில் தட்டோட்டின் இடுக்கு, தண்ணீர் போகும் குழாய் வாய், கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒரு கேள்வி: யாராவது சிமெண்ட் பூசினார்களா? சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளே தங்கி மரத்தைத்தான் தின்னும்.

முத்தியால்பேட்டை:

எல்லோரும் ஆகா ஓகோ என்பீர்கள், நான் வேறு மாதிரி சொல்கிறேன். இப்படி ஒரு வீட்டில் 26 வருஷம் இருந்தேன். கக்கூஸ் கொல்லைக் கடைசியில். மழை நாளில் ஆயா முற்றத்தில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டது. சாப்பிடும்போது தட்டில் காரை உதிரும், அப்பளம் என்று நினைத்து கடித்திருக்கிறேன். இதில் ஞாயிற்றுக்கிழமையானால் போட்டோ எடுக்க வருபவர்கள், "ஆண்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அம்மாவை அவள் வீட்டுத் திண்ணையிலிருந்தே தள்ளிவிடுவார்கள்.

விற்றோம். வருத்தமில்லை. தங்கச்சி கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் பழுதுக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பாவது வாங்கித் தரட்டும், அப்புறம் பேசலாம்.

ஆனால் இப்போதும் அந்தத் தெரு வழியாக வண்டி ஓட்டுவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர்:

தம்பி முத்தியால்பேட்டை சொல்வதும் நிஜம். நான் அந்த வீதிகளில் 31 வருஷம் கடிதம் போட்டவன். ஒரு காலத்தில் அடைமழையிலும் பை நனையாமல் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போய்விடுவேன், வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வீடு போகப் போக, நடுவில் நடுவில் நனைய ஆரம்பித்தேன். கடைசி வருஷங்களில் பிளாஸ்டிக் உறை வாங்கினேன். கணக்கெடுப்பெல்லாம் எனக்கு வேண்டாம், அந்த உறை போதும்.

1761இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து வெள்ளையர் பகுதியை மண்ணோடு மண்ணாக்கினார்கள். பகைவன் இடித்தான், புரிகிறது. நாம் இடிப்பதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை.

அம்மா, கல்வே சுப்புராயச் செட்டி வீதிக்கு, அதான் நம்ம வைசியாள் வீதிக்கு, ஒரு நடை போய்ப் பாருங்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று அந்த முகப்புகளைச் சீர் செய்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அங்கே வேலை செய்த ஆட்களை அவர்களிடமே விசாரிக்கலாம். பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேசிப் பயனில்லை, பார்க்க வேண்டும்.

திண்ணைக்காரி:

கொத்தனார் மகனுக்கு: நேற்று மொட்டைமாடிக்குப் போனேன். அரசங்கன்று இல்லை. தட்டோடு நன்றாக இருக்கிறது. குழாய் வாய்க்குள் கையை விட்டால் கட்டையாக ஏதோ தட்டுப்பட்டது. உளியால் தட்டி எடுத்தேன். சிமெண்ட் கட்டி. 1994இல் கைப்பிடிச் சுவர் முழுக்க அப்பா ஆசையாகச் சிமெண்ட் பூசினார், "இனி நூறு வருஷம் கவலையில்லை" என்று. நான்தான் கீழிருந்து சட்டி எடுத்துக் கொடுத்தேன். மிச்சச் சாந்து குழாயில் விழுந்திருக்கிறது, முப்பது வருஷத் தண்ணீரும் அந்த உத்தரத்தின் முனைக்குத்தான் போயிருக்கிறது.

தம்பி முத்தியால்பேட்டை, கக்கூஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. முதலில் அதைத்தான் உள்ளே கொண்டுவரப் போகிறேன்.

சிமெண்ட் கட்டியைப் படம் எடுத்து பாரீஸ் அண்ணனுக்கு அனுப்பினேன். நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை.

தபால்காரர் ஐயா சொன்னபடி விசாரித்ததில் ஒரு பெரியவர் கிடைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். முட்டுக் கொடுக்க ஏழு சவுக்குக் கட்டை தயாராக வைக்கச் சொன்னார். பெரிய மார்க்கெட் பக்கம் வாடகைக்குத் தருகிறவர்கள் யாராவது தெரியுமா?