30 கிலோடால்டன் சவ்வை லைசோசைம் கடக்க மறுப்பது ஏன்?

கேள்வி:
முதுநிலை ஆய்வுத்திட்டத்திற்காக, கோழிமுட்டை வெள்ளைக்கருவிலிருந்து, பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் நொதியான லைசோசைமைச் சவ்வு வடிகட்டல் மூலம் பிரித்தெடுக்க முயன்று வருகிறேன். வெள்ளைக்கருவில் காய்ச்சி வடித்த நீரை நான்கு மடங்கு சேர்த்து, பி.எச். 6க்குக் கொண்டுவந்து, திரண்ட ஓவோமியூசினை (வெள்ளைக்கருவின் பிசுபிசுப்பான புரதம்) மையவிலக்கியில் நீக்கிய பின், தெளிந்த கரைசலைப் பி.எச். 7 ஆக்கி, 30 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு; ஏறத்தாழ இதைவிடப் பெரிய புரதங்களைச் சவ்வு தடுக்கும்) பாலிஈதர்சல்ஃபோன் சவ்வில் 2 பார் அழுத்தத்தில் வடிகட்டுகிறேன். லைசோசைம் 14.3 கிலோடால்டன்தான், வெள்ளைக்கருவின் முதன்மைப் புரதமான ஓவால்புமினோ ஏறத்தாழ 45. இருந்தும் வடிநீரில் லைசோசைமின் வினைத்திறன் மிகக் குறைவாகவே உள்ளது. 50 கிலோடால்டன் சவ்வுக்கு மாறலாமா?

மறுமொழி 1:
மாற வேண்டாம்; ஓவால்புமினும் கூடவே வந்துவிடும். இங்கே தடை துளையின் அளவு அன்று, மின்னேற்றம். லைசோசைமின் சமமின் புள்ளி (புரதத்தின் நிகர மின்னேற்றம் சுழியாகும் பி.எச்.) 11ஐ ஒட்டியும் ஓவால்புமினுடையது 4.5 அளவிலும் இருப்பதால், பி.எச். 7இல் முன்னது நேர்மின்னேற்றமும் பின்னது எதிர்மின்னேற்றமும் கொண்டு, உப்பே இல்லாத உங்கள் கரைசலில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. போதாக்குறைக்குச் சவ்வின் பரப்பும் சற்றே எதிர்மின்னேற்றம் உடையது. இந்த ஈர்ப்பை உப்பு தளர்த்தும்; 100 முதல் 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று: குறைந்த உப்பில் லைசோசைம் ஓவோமியூசினோடு இறுகப் பிணையும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. நீங்கள் கொட்டிவிட்ட வீழ்படிவை ஒருமுறையேனும் அளந்தீர்களா?

மறுமொழி 2:
மேற்சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் 2 பார் அழுத்தமும் மிகை என்றே நினைக்கிறேன். பெரிய புரதங்கள் சவ்வின் மேல் அடர்ந்து படிந்தால், அந்தப் படலமே இன்னொரு சவ்வாகிச் சிறியதையும் தடுக்கும். அழுத்தத்தைக் கூட்டியும் வடிவேகம் கூடாத நிலையில் இருக்கிறீர்களா என்று சோதித்து, அதற்குக் கீழே வேலை செய்யுங்கள். பிறகு, ஒரே மூச்சில் செறிவாக்காமல், வடிந்த அளவுக்குத் தாங்கல் கரைசலை (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) ஊற்றிக்கொண்டே கழுவுங்கள். கடக்கும் விகிதம் (வடிநீரில் உள்ள லைசோசைம் செறிவை உள்ளே உள்ள செறிவால் வகுத்தது) 0.5 என்றால், உள்ளிருக்கும் கரைசலைப்போல் ஐந்து மடங்கு கன அளவால் கழுவியபின் உள்ளே எஞ்சுவது 8 விழுக்காடு. அதே விகிதம் 0.1 என்றால் 61 விழுக்காடு எஞ்சும். எத்தனை முறை கழுவுவது என்பதை, முதலில் இந்த விகிதத்தை அளந்தபின் முடிவு செய்வதே நல்லது.

மறுமொழி 3:
உப்பு எல்லா இடத்திலும் உதவும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏறக்குறைய ஒரே அளவுள்ள மாட்டு அல்புமினையும் ஹீமோகுளோபினையும் பிரித்த 1990களின் ஆய்வுகளில், உப்பைக் குறைத்து, பி.எச். மதிப்பை ஹீமோகுளோபினின் சமமின் புள்ளியை ஒட்டி வைத்தபோதுதான் பிரிவு சிறந்தது. மின்னேற்றமுள்ள அல்புமினைச் சவ்வு தள்ளி நிறுத்தியது. அதே வழியை இங்கே பின்பற்றினால் பி.எச். 11க்குப் போக வேண்டும். காரத்தில் லைசோசைம் நெடுநேரம் தாங்காது. ஆகவே உங்களுக்கு உப்பு வழியே பொருத்தம்.

கேள்வியாளர்:
நன்றி. எடுத்து வைத்திருந்த வீழ்படிவை உப்புக் கரைசலில் கலக்கி, தெளிவை, லைசோசைம் உடைக்கும் பாக்டீரியாவான மைக்ரோகாக்கஸின் கலங்கலில் சேர்த்தேன். கலங்கல் விரைவாகவே தெளிந்தது. வடிகட்டலுக்கு முன்பே பெரும்பகுதியை இழந்துகொண்டிருந்திருக்கிறேன் போலும். இனி வீழ்படிவை உப்புநீரில் கழுவி, அந்தக் கழுவுநீரையும் தெளிந்த கரைசலோடு சேர்த்து, 1 பாருக்குக் கீழே வடிகட்டப் போகிறேன்.